மணி அடித்தும் எழாத பெண்

1

தினேஷ், போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ சொன்னது இந்த வாரம் முழுக்க என் காதிலேயே இருந்தது.

மல்லிகா அத்தை கொல்லையில் வேர்க்கடலை முற்றிவிட்டதாம், மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்கவில்லையாம், லீவில் பிள்ளைகளை இரண்டு நாள் அனுப்பச் சொல்கிறாராம் என்று அம்மா சொன்னாள். நீ கையிலிருந்த போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாய்.

"அந்த உப்புத்தண்ணி அத்தை வீட்டுக்கா? நான் வர்லப்பா. அங்க சோப்பு போட்டா நுரையே வராது."

உன் பக்கத்தில் இருந்த கீர்த்தனா சிரித்தாள். "செல்வி அத்தை வீடுன்னா சொல்லு, இப்பவே பஸ் ஏறிடுறேன்" என்றாள். சத்துவாச்சாரியில் செல்வி அத்தைக்கு மாடி வீடு, ஏ.சி., குழாயில் நல்ல தண்ணீர். போகத் தோன்றும்தான்.

"மல்லிகாவும் அத்தைதான்டா" என்றேன்.

"ஆமா, அத்தைதான். ஆனா அவங்க நமக்கு இன்னா பண்ணாங்க?" என்று நீ கேட்டாய்.

அதற்குள் இங்கே கரண்ட் போய்விட்டது. கால் கட்.

கரண்ட் போனதும் நல்லதுக்குத்தான். அந்தக் கேள்விக்கு போனில் பதில் சொல்லியிருந்தால் கோபமாகத்தான் வந்திருக்கும். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்து அவ்வளவு ஓடாது. ஆனாலும் எழுதுகிறேன். என் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்காக எழுதுகிறேன் என்றாலும், அம்மாவைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் யார் படித்தாலும் சரி. அவர்கள் வீட்டிலும் இந்தக் கதை வேறு பெயரில் இருக்கும்.

2

எத்தியோப்பியாவில் நான் செய்வது ஷூ கம்பெனி வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஆம்பூரில் செய்த அதே வேலை. ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனுக்கு நான் சூப்பர்வைசர். தோல் ஓரத்தை மடித்து, பசை போட்டு, சுத்தியலால் தட்டி ஒட்டுகிற டேபிளும் என் பொறுப்புதான். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஆடு மாடு மேய்கிறது. பல பேர் வீடு இன்னும் ஏர் மாட்டை நம்பித்தான் நடக்கிறது. எங்கள் கம்பெனி சுவருக்கு வெளியே விதைப்பு, சுவருக்கு உள்ளே கன்வேயர் பெல்ட். நடுவில் ஒரு கேட். அந்த கேட்டைத் தாண்டி வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு வாழ்க்கையிலேயே முதல் சம்பளம் இதுதான்.

இந்த நாட்டில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். வருஷக் கணக்கும் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால். வந்த புதிதில் உங்கள் அம்மாவிடம், "எனக்கு வயசு கம்மி ஆயிடுச்சு தெரியுமா" என்று பெருமையாகச் சொன்னேன். "முடி மட்டும் அந்தக் கணக்குல வரல போல" என்றாள். மணியும் அப்படித்தான். சூரியன் வந்த பிறகுதான் இவர்களுக்கு மணி ஆரம்பம். நமக்குக் காலை ஏழு என்றால் இவர்களுக்கு ஒன்று. எங்கள் ஷிப்ட் எட்டு மணிக்கு. அவர்கள் வாயில் அது இரண்டு மணி. கம்பெனி சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், பெண்களின் போன் வேறு ஒன்று சொல்லும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் அவர்கள் ஓடி வருவார்கள்.

பாஷையிலும் அடி விழுந்தது. இங்கே 'வா' என்பதை ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி சொல்ல வேண்டும். லைனில் பெண்களையே கூப்பிட்டுப் பழகின வாய். ஒருநாள் மீசை வைத்த வாட்ச்மேனைப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். லைன் முழுக்க சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ரொம்ப நாள் என் டிபன் பையைத் தனியாகச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்.

பெண்கள் என்னை 'காஷே' என்பார்கள். பெரியவரே என்று மரியாதையாகக் கூப்பிடுகிற வார்த்தை.

3

போன வருஷம் இதே அறுப்புக் காலத்தில் ஒரு விஷயம் நடந்தது. இங்கே தெஃப் என்று ஒரு தானியம் விளைகிறது. கேழ்வரகைவிடச் சின்னது. அதைப் புளிக்க வைத்துப் பெரிய தோசை மாதிரி சுட்டுச் சாப்பிடுவார்கள். அறுப்பு வந்தால் லைனில் பெஞ்சு பெஞ்சாகக் காலியாகிவிடும்.

மடிக்கிற டேபிளில் அல்மாஸ் என்று ஒரு பெண். கை வேகம். ஆனால் டீ மணி அடிக்கப் போகிறது என்றால் முன்னாலேயே சுத்தியலை வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். "மணி உன் மூக்குக்குத் தெரியுதா?" என்று கிண்டல் செய்வேன்.

அன்றைக்குக் காலை டீ மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். ஒரு சுத்தியல் மட்டும் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அல்மாஸ் இடம்.

"அல்மாஸ், ஷாய்!" என்றேன். டீக்கு இங்கேயும் கிட்டத்தட்ட நம்ம வார்த்தைதான்.

நிமிரவே இல்லை. டிரேயில் இருந்த கடைசித் துண்டுவரை மடித்து முடித்தாள். மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தாள். முடித்த துண்டுகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அறுத்து முடித்தவர்கள் வரப்பில் நின்று பின்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அந்தப் பழக்கத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் வேலையைப் பாதியில் விடுவது கம்பெனிக்காரர் கை. வயல்காரர் கை பிடித்த வரிசை முடியாமல் நிற்காது.

கிட்டே போனேன். முகம் அதே ஜாடை, ஆனால் அல்மாஸ் இல்லை.

"நீ யாரு?"

"அல்மாஸ்."

"அல்மாஸ் எங்கே?"

சுத்தியலைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வயலில், காஷே. மேகம் கட்டியிருக்கிறது. அறுக்காவிட்டால் நனைந்துவிடும். அவள் வேகமாக அறுப்பாள், நான் மெதுவாகத்தான். அதனால் அவள் அங்கே, நான் இங்கே."

தங்கையாம். பெயர் ஹிருத். ராத்திரி வீட்டில் அட்டையை மடித்து மடித்து அக்கா அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

நான் எதையும் பார்க்காத மாதிரி போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலைக் கூட்டத்தில் கவனிக்காத வாட்ச்மேன், சாயங்காலம் அவள் வெளியே போகும்போது அக்கா கார்டில் இருந்த போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டார். என்னிடம் சிரிக்காத அதே வாட்ச்மேன். விஷயம் மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது.

4

இப்போது நம்ம வீட்டுக்கு வருகிறேன்.

செல்வி அத்தை மூத்தவர், மல்லிகா அத்தை அடுத்தவர், நான் கடைசி. பாலாற்றுக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, மேட்டில் மழையை நம்பின ஒரு கொல்லை. நான் இதை அழகான காலம் என்று சொல்ல மாட்டேன். மழை தப்பினால் சோறு ஒரு வேளைதான். வெறுங்காலோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

ஷூ கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வந்தபோது எங்கள் தெருவிலிருந்து முதலில் ஏறியது செல்வி அத்தை. அதற்கு எங்கள் அப்பா வாங்கின பேச்சு கொஞ்சமில்லை.

"இன்னாய்யா, பொண்ண தோல் கம்பெனிக்கு அனுப்புறியாமே? அந்த நாத்தத்துக்கு எவன் வந்து கட்டுவான்?"

முதல் சம்பளத்தில் அத்தை வீட்டில் இருந்த எல்லாருக்கும் செருப்பு வாங்கி வந்தார். அடுத்த வருஷம், பேசினவர் வீட்டுப் பெண்ணும் அதே பஸ்ஸில் ஏறினாள். ஊர்த்தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் அதுவரை ஒரு குழாயில் தண்ணீர் பிடித்ததில்லை. கம்பெனியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குழம்பு மாற்றிச் சாப்பிட்டார்கள். எந்தப் பெரிய மனுஷனும் வந்து சொல்லி நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம் அரை மணிகூட இல்லை, இடம் பார்த்து உட்கார நேரமில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பஸ் ஏறின கைகள் எல்லாம் வயலிலிருந்து போன கைகள். மல்லாட்டை பிடுங்குகிற காலம் வந்தது. "கூலிக்கு ஆள் எங்கடா கெடைக்கும், எல்லாம் பஸ் ஏறிடுச்சுங்க" என்று அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். செல்வி அத்தை கொல்லையில் இறங்கினால் இரண்டு ஆள் வேலை நடக்கும். அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு. அத்தை கொல்லைக்கு, அத்தையின் கார்டோடு மல்லிகா அத்தை கம்பெனிக்கு. அப்போது கார்டில் போட்டோ கிடையாது, நம்பர்தான். இதற்கு மாத்தாள் அனுப்புவது என்று பெயர். சீசனில் பல வீடுகளில் நடக்கும். சூப்பர்வைசர்களுக்கும் அரைகுறையாகத் தெரியும்.

மல்லிகா அத்தை கை சுத்தம். வேலையில் ஒரு குறை கிடையாது. ஆனால் மணி அடித்தால் எழத் தெரியவில்லை. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, மணி அடிச்சது காதுல வுழலையா?"

"இது முடிஞ்சிடட்டும் சார். பாதில வெச்சிட்டு எழுந்தா மனசு ஆவல."

லைனே சிரித்ததாம். அவர் மட்டும் அத்தை முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ செல்வி இல்லையே" என்றார்.

மறுநாள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். கெட்டவர் இல்லை. இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. "கார்டு ஒண்ணுதான். யாருக்குன்னு வெளிய போயி நீங்களே முடிவு பண்ணிக்கினு வாங்க" என்றார்.

கேட்டுக்கு வெளியே ஹைவே ஓரத்தில் அக்காளும் தங்கையும் நின்றார்கள். செல்வி அத்தை இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் கார்டு கை மாறின இடத்தோடு நிறுத்திவிடுவார். கார்டு மல்லிகா அத்தை கையில்தான் இருந்தது. அதை எடுத்து அக்கா கையில் வைத்து மூடினார்.

"நீ எட்டாவது பாஸு. நீ போக்கா. கெணறும் பம்பு செட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

நன்றாகக் கவனியுங்கள். அன்றைக்கு அது தியாகம் இல்லை. கிணறு நிறையத் தித்திப்பான தண்ணீர். நிலம் நிலையானது, கம்பெனி இன்றைக்கு இருக்கும் நாளைக்குப் போகும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தோம். நல்ல பங்கு மல்லிகாவுக்குத்தான் போனது என்று செல்வி அத்தையே கொஞ்சம் பொறாமைப்பட்டாராம்.

செல்வி அத்தை செக்கர் ஆனார், பிறகு சூப்பர்வைசர். என் பள்ளிக்கூடச் செலவு, ஐ.டி.ஐ. செலவு எல்லாம் அவர் சம்பளம். எனக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மல்லிகா அத்தையை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தோம். கிணறும் நஞ்சையும் கொல்லையும் அவரிடம்.

பிறகு வருஷா வருஷம் தண்ணீர் மாறியது. முதலில் பருப்பு வேகவில்லை. அப்புறம் டீ போட்டால் பால் திரிந்தது. தென்னை மட்டை மஞ்சளாகி, காய் சிறுத்தது. நெல் வைத்தால் பால் பிடிக்கவில்லை. எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கை நீட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. தோல் பதனிட்ட தண்ணீர் எல்லாம் எங்கோ இறங்கி எப்படியோ வந்தது. ஒரே தொழில்தான். ஒரு அக்காவைச் சத்துவாச்சாரி மாடிக்கு ஏற்றியது. இன்னொரு அக்காவின் கிணற்றில் உப்பைக் கலந்தது. இன்றைக்கு அவரிடம் மிச்சம் இருப்பது மழையை நம்பின அந்த மேட்டுக் கொல்லை மட்டும்தான்.

உப்புத்தண்ணி அத்தை என்கிற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள், தினேஷ்.

5

எங்கள் மேனேஜர் சாதிக் பாய் ஆம்பூர்க்காரர். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னாபா முருகா, உன் லைன்ல ஆள் மாறாட்டமாமே?"

"மாறாட்டம் இல்ல பாய். மாத்தாள். நம்மூர் மல்லாட்டை சீசன் உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்பா. தெரிஞ்சதாலதான் பேஜாரா இருக்குது. ஷூ வாங்குறவன் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புறான். கார்டுல ஒரு மூஞ்சி, பெஞ்சுல ஒரு மூஞ்சின்னா ஆர்டரே போயிடும். அப்புறம் மத்த பொண்ணுங்க சோத்துக்கு இன்னா பண்ணும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஒண்ணு பண்ணு" என்றார். "ஒருத்திய வெச்சிக்க, ஒருத்திய அனுப்பிடு. யாருன்னு அதுங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

கிட்டத்தட்ட அதே வார்த்தை. ஹைவே ஓரத்தில் இரண்டு பெண்கள் நின்றது கண்ணில் வந்தது.

"பாய், அது மட்டும் வேணாம்" என்றேன். எங்கள் இரண்டு அக்காள்கள் கதையைச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கான்ட்ராக்ட் ரெனியூவலுக்கு வர்து. தெரியும்ல?"

"தெரியும் பாய்."

"தெரிஞ்சும் பேசுற."

"லைன்ல எப்பவும் பெஞ்சு காலியாத்தான் கெடக்குது. சேர்றதுங்க பாதி ரெண்டு மாசத்துல ஓடிடுது. இந்தப் பொண்ணு நம்ம சொல்லிக் குடுக்காமலே கத்துக்கினு வந்து உக்காந்திருக்கு. இத வெளிய அனுப்பிட்டு நாளைக்கி கேட்டுல போர்டு வெச்சி ஆள் தேடப் போறோமா?"

பாய் சிரித்துவிட்டார். "ஆம்பூர்க்காரன் வாய்டா உனக்கு. சரி, சின்னவள புதுசா எடு. பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கணும். பெரியவளுக்கு ஒரு வாரம் சம்பளம் கட். இதுக்கு மேல ஜாஸ்தி கேக்காத."

பேப்பர் என்றதும்தான் அடுத்த பாடு. அவர்கள் ஊர் ஆபீசில் கொடுத்த அட்டையில் பிறந்த வருஷம் இவர்கள் கணக்கில் இருந்தது. கம்பெனியில் அல்மாஸுக்கு நம் கணக்கில் மாற்றிப் பதிந்திருந்தார்கள், ஹிருத்துக்கு மாற்றாமல் அப்படியே பதிந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் தங்கை அக்காவுக்கு மூத்தவள் ஆகிவிட்டாள். அதைத் திருத்த ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு முத்திரை. முத்திரை வைக்கிறவர் அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தார். நானும் ஹிருத்தும் பூட்டின கதவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினோம்.

கடைசியில் கார்டு வந்தது, அவள் போட்டோவோடு. சொந்தக் கார்டில் முதல் நாள். டீ மணி அடித்தது. ஹிருத் சுத்தியலைத் தூக்கினபடி ஒரு நொடி நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பாதி மடித்த துண்டை அப்படியே வைத்துவிட்டு எல்லோரோடும் எழுந்து போனாள்.

நான் அந்தப் பாதித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. முழுச் சந்தோஷமாக இல்லை.

6

இந்த வருஷ அறுப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை அவர்களுடைய அப்பா கேட்டில் வந்து நின்றார். தோளில் கம்பளி, கையில் தடி. பெண்களை இரண்டு நாள் அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

அல்மாஸ்தான் பதில் சொன்னாள். "லீவு போட்டால் சம்பளம் போய்விடும் அப்பா. கூலிக்கு ஆள் வையுங்கள், பணம் நாங்கள் தருகிறோம்."

"ஆள் எங்கே? எல்லோரும் இவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்" என்றார் அவர். எங்கள் அப்பா சொன்ன அதே பேச்சு. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் அப்பாவுக்கு இந்த நாடே தெரியாது.

பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை. "உனக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு சம்பளத்தில் வீட்டுக்குத் தகரம் போட்டேன். மழை உள்ளே வருவதில்லை. ஆனால் என் வயலுக்கு யார்? நீ வருகிறாயா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். நான் வருகிறேன் என்றதும் பெண்களால் வராமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்கு நான் வீடியோ காலில் வராததற்குக் காரணம் இதுதான். காலையிலிருந்து தெஃப் அறுத்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. என் வரிசையைப் பார்த்து அந்தப் பெரியவர், "ஆடு மேய்ந்த மாதிரி இருக்கிறது" என்றார். வெயில் ஏறினதும் காபிக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் முதலில் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன். அல்மாஸ் என் பின்னாலேயே வந்தாள். ஹிருத் வரவில்லை. கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை. வரிசை முடிகிறவரை அறுத்தாள், மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தாள், திரும்பி ஒரு தடவை பார்த்தாள். அப்புறம்தான் வந்தாள்.

7

மல்லிகா அத்தை நமக்கு என்ன செய்தார் என்று கேட்டாய். செல்வி அத்தைக்குப் பதிலாக அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு அந்தக் கார்டை அக்கா கையில் வைத்தார். நான் படித்ததும், நீங்கள் படிப்பதும், கீர்த்தனா தினமும் காட்பாடிக்குக் காலேஜ் போவதும் அந்தக் கார்டிலிருந்து வந்தது.

கம்பெனி வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்ததால்தான் உங்கள் காலில் செருப்பு. வந்ததால்தான் அவர் கிணற்றில் உப்பு. ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கிண்டல் செய்வது வேண்டாம்.

அவருக்கு இப்போது மாத்தாள் தேவைப்படுகிறது. இரண்டு நாள் போய் நில்லுங்கள். உங்கள் இரண்டு பேரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை, கேட்கிறேன்.

சோப்பு நுரை வராது, அது உண்மைதான். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருப்பார். அது உங்களுக்காக வாங்கினது, அவர் அதைக் குடிக்க மாட்டார். கொல்லையில் ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு இடுப்பு வலிக்கும், கை காந்தும். பாதியில் எழுந்துவிட்டால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். "போயி நெழல்ல உக்காருங்கடா கண்ணு" என்பார். நீங்கள் விட்ட வரிசையையும் சேர்த்து அவரே முடித்துவிடுவார்.

முடிக்க விடாதீர்கள்.